அந்தப் பாட்டு கிட்டார் டோன் நம்ம லேப்டாப்ல வருமா?

கிட்டாரை ஆடியோ இன்டர்ஃபேஸ்ல சொருகியாச்சு. ஆம்ப் மாடலரைத் திறந்து 'ராக் லீட்' என்ற பிரீசெட்டையும் எடுத்தாச்சு. ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் 'வாரணம் ஆயிரம்' (2008) படத்துல வந்த 'அடியே கொல்லுதே' மாதிரி டிஸ்டார்ஷன் கிட்டார் முன்னால நிற்கும் பாட்டு ஒண்ணை வாசிக்கிறீங்க. நோட்ஸ் எல்லாம் சரி. ஆனா சத்தம் மட்டும் தகர டப்பாவுக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. உடனே கை கெயின் நாப் பக்கம் போகும். அங்கேதான் நிறுத்தணும்.

(‘இளைய நிலா’வை எடுத்து வைத்துக்கொண்டு ஆம்ப் மாடலரில் தேடுபவர்களும் உண்டு. அது அகௌஸ்டிக் கிட்டார், சாமி. வேற பாடம்.)

ஒரு கிட்டார் ஆம்ப்பை மூன்று பெட்டிகளாக நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஒரு ஃபில்டர், நடுவில் கிளிப்பிங், கடைசியில் இன்னொரு ஃபில்டர். முதல் ஃபில்டர் பிக்கப், பெடல் இவற்றின் வேலை. நடுவில் இருப்பது வால்வ்: சிக்னலின் உச்சியைத் தட்டையாக்கி, உள்ளே வராத ஹார்மோனிக்ஸைப் புதிதாக உண்டாக்கும். கடைசி ஃபில்டர் ஸ்பீக்கர் கேபினெட்டும் அதன் முன் நிற்கும் மைக்கும்.

சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்கு இது புரியும். இரண்டு எல்.டி.ஐ. பெட்டிகளை இடம் மாற்றினாலும் அவுட்புட் மாறாது. நடுவில் நான்-லீனியர் ஒன்று வந்துவிட்டால் அந்தச் சலுகை போச்சு. கிளிப்பிங்குக்கு முன் பேஸைக் குறைத்தால் டிஸ்டார்ஷனே இறுகி, தெளிவாகும். பின்னால் குறைத்தால், ஏற்கெனவே குழம்பிய சத்தம் மெலிதாகும், அவ்வளவுதான். ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை கெயின் கம்மியாக வைத்து ஆம்ப்புக்கு முன்னால் போடுவது இதற்காகத்தான். அது சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துத்தான் கிளிப்பிங்குக்கு அனுப்பும்.

நம்ம ஊர் லீவர் பூட்டு மாதிரிதான். ஒவ்வொரு லீவரையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கணும். ஒரு பல்லைத் தப்பாக ராவிவிட்டு, பக்கத்துப் பல்லில் சரிக்கட்ட முடியாது. 'மேட்ச் இ.க்யூ.' பட்டனை முதலிலேயே அழுத்துகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அது கடைசிப் பெட்டியை மட்டும் தொடும்.

சரி, முதல் வேலை கேட்பது. ஹெட்போனில் இடது காதை மட்டும் கேளுங்க, அப்புறம் வலது. ராக் பாட்டுகளில் ஒரே ரிஃபை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைப்பது வழக்கம். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து, ஒன்றை இன்வர்ட் செய்து, இரண்டையும் மோனோவாகக் கலந்து பாருங்க. நடுவில் இருக்கும் குரல், பேஸ் கிட்டார், கிக் டிரம் பெரும்பாலும் கேன்சல் ஆகி, ஓரத்து கிட்டார்கள் மேலே வரும். குரலின் ரிவெர்ப் மட்டும் ஆவி மாதிரி மிச்சம் இருக்கும், பயப்படாதீங்க.

இப்படிப் பிரித்துக் கேட்டால் ஆச்சரியம் காத்திருக்கும். தனி கிட்டாரில் கெயின் நாம் நினைத்ததைவிடக் கம்மியாக இருக்கும். பிரம்மாண்டமாகக் கேட்டது இரண்டு டேக்கும் அடியில் போகும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து. அதனால் கெயினை இப்படி வையுங்க: ரெக்கார்டிங்கில் வரும் அதே கார்டை அடித்து, முழுசாக ஓயும் வரை விடுங்க. கார்டுக்குள் ஒவ்வொரு நோட்டும் பாட்டில் இருக்கும் அளவுக்குத் தனியாகக் கேட்கிறதா? கூழாகிவிட்டால் கெயின் அதிகம். பாட்டுக்கு முன்னாடியே ஓய்ந்துவிட்டால் கம்மி.

அடுத்து கேபினெட். வண்டுச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: கேப் ஆஃப் ஆகியிருக்கும், இல்லை பொருந்தாத ஐ.ஆர். இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சட்டென்று விழுந்துவிடும். அந்தச் சரிவு இல்லாத டிஸ்டார்ஷன் காதைக் கிழிக்கும். ஐ.ஆர். என்பது நாம் படித்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸேதான். மாடலர் உங்கள் சிக்னலை அதோடு கன்வால்வ் செய்கிறது. ஆம்ப் மாடலை மாற்றிப் பார்க்கும் நேரத்தில் பாதியை ஐ.ஆர். மாற்றிப் பார்க்கச் செலவிடுங்க. மைக் கோன் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தாலே ட்ரெபிள் குறைந்துவிடும்.

இப்போதுதான் இ.க்யூ. ஸ்பெக்ட்ரம் போட்டு ஒப்பிடுவதானால் அதே ரிஃப், அதே டெம்போ, அதே நீளம். வேறு நோட்ஸை ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது டோன் வித்தியாசம் இல்லை, சுருதி வித்தியாசம். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்க. கொஞ்சம் சத்தமாக இருப்பதையே காது 'நல்லாருக்கு'ன்னு சொல்லிடும்.

செலவு? நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இலவசம். நிஜ ஆம்ப்புக்குள் போனதையும் வெளியே வந்ததையும் வைத்து ஒரு நியூரல் நெட்வொர்க் அதன் நடத்தையைக் கற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரு கேப்சர் பெரும்பாலும் அந்த ஆம்ப்பின் நாப்கள் ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த போட்டோ. கெயின் ஒத்துவரவில்லை என்றால் வேறு கேப்சர் எடுங்க. இன்டர்ஃபேஸின் இன்புட் லெவல் மாறினாலும் டிஸ்டார்ஷன் மாறும், அதைக் குறித்து வையுங்க.

ஹாஸ்டலில் சார்ஜர் போட்டதும் 'ம்ம்ம்' என்று வந்தால், அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். ரெக்கார்ட் செய்யும்போது பேட்டரியில் ஓட்டுங்க. கரண்ட் போகிற நேரம்கூட ரெக்கார்டிங்குக்கு நல்ல நேரம்தான்.

கல்ச்சுரல்ஸ் மேடைக்கு ஒரு எச்சரிக்கை. மிக்ஸருக்கு நேராகப் போனால் கேப் ஆனில் இருக்கணும். ஸ்டேஜில் நிஜ கிட்டார் ஆம்ப் இருந்து அதன் இன்புட்டுக்குப் போனால் ஆஃப். ரெண்டு கேபினெட் வழியாகப் போன சத்தம் போர்வைக்குள்ளிருந்து வர்ற மாதிரி இருக்கும். சவுண்டு சர்வீஸ்காரர் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால், அது மிட்ஸைத்தான் தூக்கிக் கொடுக்கும். ஹெட்போனில் செதுக்கிய பேட்ச் அங்கே கத்தும். அதே பேட்சை மிட்ஸ், பிரசன்ஸ் இரண்டையும் இறக்கி இன்னொரு பெயரில் சேவ் செய்து, சவுண்ட் செக்கில் மைதானத்தின் பின்வரிசையில் ஒரு ஃபிரண்டை நிறுத்தி வைத்துக் கேட்கச் சொல்லுங்க.