வாரம் ஒரு வேர்

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவர்கள் இந்த ஆண்டே வேர்ச்சொல் பாடத்தைத் தொடங்கிவிடலாம். அடுத்தடுத்த வகுப்புகளில் அறிவியல் புத்தகம் நீளமான சொற்களை வரிசையாக இறக்கும். பிள்ளைகள் அவற்றை எழுத்துக்கூட்டி உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அந்தச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் வேர்களில் பிறந்தவை.

அமெரிக்காவில் 2010இல் வெளியான காமன் கோர் பாடத்தரம், நான்காம் வகுப்புக்கே இதை வைத்திருக்கிறது. அது காட்டும் சொற்கள் மூன்று: டெலிகிராஃப், ஃபோட்டோகிராஃப், ஆட்டோகிராஃப். எழுதுவதைக் குறிக்கும் கிராஃப் அப்படியே நிற்க, முன்னால் தூரம், ஒளி, தான் என்ற பொருள்கள் மாறி மாறி வந்து சேர்கின்றன. கற்பிக்க வேண்டிய முறையும் இதுதான்.

வேர்ப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். வாரம் ஒரு வேர், பத்து நிமிடம் போதும். முதல் வாரம் போர்ட்டர், இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் என்று கரும்பலகையில் எழுதி, பொதுவாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுங்கள். இதில் ஆசிரியருக்குக் கடினமான வேலை இந்தப் பொறுமைதான். சுமை, சாமான், கொண்டுபோவது என்று ஒவ்வொன்றாக வரும். அதன் பிறகு, சுமந்து செல்வதைக் குறிக்கும் போர்ட்டாரே என்ற லத்தீன் சொல்லை அறிமுகப்படுத்துங்கள். கையோடு, அவர்கள் அறியாத போர்ட்டபிளை எழுதி, பொருளை ஊகிக்கச் சொல்லுங்கள்.

யாராவது ஏர்போர்ட் என்று கத்துவார்கள். தட்டிக்கழிக்காதீர்கள். அதிலுள்ள போர்ட், துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட்டுஸ் என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஓவியத்தைச் சொல்லும் போர்ட்ரெய்ட்டுக்கோ சுமப்பதோடு தொடர்பே இல்லை; அது இழுப்பது, வரைவது என்ற பொருளில் வந்த சொல். பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருப்பது லத்தீன் பாதம். பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கக் குழந்தை. அமெரிக்க எழுத்துக்கூட்டலில் தொடக்க எழுத்துகளோ ஒன்றேதான். இப்படிப்பட்ட போலிகளை நீங்களே வகுப்புக்குக் கொண்டுபோங்கள். ஊகித்ததை அகராதியில் சரிபார்க்கும் பழக்கம் அங்கேதான் பிறக்கும். சொற்பிறப்பு தரும் அகராதி ஒன்று வகுப்பிலேயே இருக்கட்டும்.

எழுத்துப்பிழையும் குறையும். ஃப ஒலிக்கு பி, எச் எழுத்துகள் சேர்ந்து வந்தாலும், எக்கோ, ஸ்டமக் போன்ற சொற்களில் சி, எச் இணைந்து க் என்று ஒலித்தாலும், அவை பெரும்பாலும் கிரேக்க வழி வந்தவை. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு டிக்டேஷன் பயம் பாதி தணியும்.

எந்த வேரை எடுப்பது என்பதை மற்ற பாடங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடுத்த வாரம் என்ன பாடம் என்று அறிவியல் ஆசிரியரிடம் ஸ்டாஃப் ரூமிலேயே கேட்டுவிடலாம். தெர்மாமீட்டர் என்றால் வெப்பமும் அளவும். ஃபோட்டோசிந்தசிஸ் என்றால் ஒளியும் ஒன்றுசேர்ப்பதும். கணக்கில் சென்டிமீட்டர் வரும் வாரம் நூறைக் குறிக்கும் சென்டம் என்ற வேரை எடுங்கள். சென்சுரியும் பெர்சென்டும் உடன் வரும். ஏழைக் குறிக்கும் செப்டெம் எப்படி ஒன்பதாம் மாதத்தின் பெயரில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது என்ற விடையை மறுநாள் வரை சொல்லாமல் வைத்திருங்கள்.

மதிப்பெண்ணுக்கு வேரின் பொருளைக் கேட்காதீர்கள். பழையபடி உருப்போடத் தொடங்கிவிடுவார்கள். வகுப்பில் நடத்தாத சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். ஹெர்பிவோர், கார்னிவோர் படித்தவர்களுக்கு இன்செக்டிவோர் கொடுக்கலாம். சொல்லை எங்கே பிரித்தாய், ஏன் அப்படி நினைத்தாய் என்று எழுதச் சொல்லுங்கள். பொருள் தவறினாலும் பிரித்த விதத்துக்குக் காரணம் இருந்தால் பாதி மதிப்பெண் கொடுங்கள்.