கொத்தணியாகப் பரவும் நோய்

ஒரே மண்டபத்தில் பல குடும்பங்கள் தங்கியிருக்கும் காலத்தில், ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால், "இனி எல்லோருக்கும் வரத்தான் போகிறது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். இது முழு உண்மையல்ல. எல்லா நோயாளரும் ஒரே அளவில் நோயைப் பரப்புவதில்லை. எல்லா இடத்திலும் அது ஒரே வேகத்தில் பரவுவதுமில்லை. இதை விளங்கிக்கொண்டால், இட நெருக்கடிக்குள்ளும் நாம் செய்யக்கூடியவை பல உண்டு.

சராசரிக்குள் மறைந்திருப்பது

2020 ஆம் ஆண்டு கொவிட்-19 பரவத் தொடங்கியபோது, ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக 2 அல்லது 3 பேருக்குத் தொற்றுகிறது என்று கணித்தார்கள். ஆனால் ஹொங்கொங்கில் அவ்வாண்டின் முதல் நான்கு மாத நோயாளரை ஆராய்ந்தபோது, உள்ளூர்த் தொற்றில் 80 வீதம், நோயாளரில் ஏறக்குறைய 19 வீதத்தினரிடமிருந்தே பரவியிருந்தது. மற்றவர்களில் அநேகர் ஒருவருக்கும் நோயைக் கொடுக்கவில்லை.

இது நெருப்புப் பொறியைப் போன்றது. ஈர வரம்பில் விழுந்த பொறி அணைந்துவிடும். வைக்கோற் போரில் விழுந்த பொறி ஊரையே எரிக்கும். பொறி ஒன்றுதான், விழுந்த இடம் வேறு.

இப்படி ஓரிடத்தில் பலருக்கு ஒன்றாகத் தொற்றுவதையே "கொத்தணி" என்கிறார்கள். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி, பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி என்று செய்திகளில் கேட்டிருப்போம். மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளிக்கு நோய் கண்டறியப்பட்டு, சில நாட்களுக்குள் தொற்றியோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

பாடகர் குழுவில் நடந்தது

2020 மார்ச் 10 ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் மண்டபமொன்றில் கூடி, இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தடிமன் போன்ற குணம் இருந்தது. பின்னர் அவரோடு சேர்த்து 53 பேருக்கு நோய் கண்டது. 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, மற்ற 20 பேருக்கும் அதுவே என்று கருதப்பட்டது. இருவர் இறந்தனர்.

ஏன் இவ்வளவு பேருக்கு? நாம் மூச்சுவிடும்போதும் பேசும்போதும் நுண்ணிய துளிகள் வெளிவருகின்றன. உரத்துப் பேசினாலும் பாடினாலும் அவை கூடுதலாக வரும். பெரிய துளிகள் அருகிலேயே விழுந்துவிடும். மிகச் சிறியவை அடுப்புப் புகைபோல் காற்றில் மிதக்கும். காற்றோட்டமில்லாத அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும். நோயாளியின் நாளும் முக்கியம்: கொவிட்டில், குணங்குறி தொடங்குவதற்குச் சற்று முன்னும் தொடங்கிய முதல் சில நாட்களிலுமே தொற்று அதிகம்.

ஆகவே அடைத்த இடம், நிறைந்த கூட்டம், நெருங்கிய பேச்சு என்ற மூன்றையும் தவிர்க்கும்படி ஜப்பானில் மக்களுக்குச் சொன்னார்கள். மூன்றும் ஒன்றுசேர்ந்து, நேரமும் நீண்டால் கொத்தணி உருவாகும்.

நாம் செய்யக்கூடியவை

1. பகலில் எதிரெதிர்ப் பக்கத்து யன்னல்களைத் திறந்து வைப்போம். கொட்டகையானால் தறப்பாளின் இரு பக்கங்களையும் சுருட்டிக் கட்டுவோம். அடுப்புப் புகை விலகாமல் நிற்கும் இடத்தில் நோயாளியின் மூச்சும் நிற்கும் என்று அறிவோம்.

2. கூட்டங்களையும் பிள்ளைகளின் படிப்பையும் மரநிழலில் வைப்போம். உள்ளே கூட நேர்ந்தால் சுருக்கமாக முடிப்போம். நிவாரணப் பொருட்களைப் பகுதி பகுதியாக வழங்கும்படி கேட்போம்.

3. இருமலும் காய்ச்சலும் உள்ளவருக்கு யன்னலோரமாகப் பாயை விரிப்போம். அவரும் பராமரிப்பவரும் முகக்கவசம் அணியட்டும். பராமரிப்பை ஒருவரே செய்வது நல்லது. முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளோர் தள்ளிப் படுக்கட்டும்.

4. மூச்சு வாங்கினாலும், பிள்ளையின் நெஞ்சு உள்ளிழுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோம்.

5. சில நாட்களுக்குள் பலருக்கு ஒரே குணம் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்போம். "யார் யாருடன் பழகினீர்கள்?" என்று மட்டுமல்ல, "நோய் வருமுன் எங்கே ஒன்றாக இருந்தீர்கள்?" என்றும் விசாரிப்போம். அந்த இடம் தெரிந்தால், அங்கிருந்த மற்றவர்களையும் நேரத்தோடு கவனிக்கலாம்.

பழி வேண்டாம்

கொத்தணி என்றதும் "கொண்டுவந்தவர் யார்?" என்று தேடுகிறோம். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவரே முதலில் நோயுற்றவர் என்று சொல்ல முடியாது. பலருக்குப் பரப்பியவரும் அதை அறிந்து செய்யவில்லை; அடைத்த அறையும் கூட்டமும் சேர்ந்தே அதைச் செய்தன. பழிக்குப் பயந்தவர் இருமலை மறைப்பார், கூலி வேலைக்குப் போவார், வரிசையில் நிற்பார். அதனால் கேடு எல்லோருக்கும்தான். தயங்காமல் "எனக்குச் சுகமில்லை" என்று ஒருவர் சொல்லக்கூடிய சூழலை உண்டாக்குவதும் நோய்த்தடுப்பே.

கலந்துரையாடுவோம்

- நாம் தங்கியிருக்கும் இடத்தில் மிக அடைத்த மூலை எது? அங்கே யார் படுக்கிறார்கள்?
- எந்தக் கூட்டத்தை அல்லது வேலையை நாளை முதல் வெளியே மாற்றலாம்?
- சுகமில்லாதவரின் கூலியும் பங்கீடும் இழக்கப்படாமல் இருக்க நாம் எவ்வாறு உதவலாம்?