தீவுக்கு வெயில் மட்டும் போதுமா?

இடக்கொச்சியை அடுத்துக் காயல் நீர் பரந்திருப்பினும், அங்குள்ள வீடுகளுக்கு மாநில மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம் வந்துவிடுகிறது. கொச்சியிலிருந்து கப்பலேறிச் செல்லும் இலட்சத்தீவுகளுக்கு அவ்வசதி இல்லை. தமக்கு வேண்டிய மின்சாரத்தை அவை தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நெடுங்காலமாக, கப்பலில் வந்து சேரும் டீசலே அதற்குத் துணை. அதன் இடத்தை வெயிலும் காற்றும் பெற இயலுமா என்பதை, குடும்ப வரவு செலவைப் போலவே நாம் கணக்கிடலாம்.

வரவு: 2011 கணக்கெடுப்பின்படி 11,221 பேர் வாழ்ந்த கவரத்தித் தீவில், 2024 ஜனவரியில் 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் எனக் கொண்டால், ஏறத்தாழ 6,800 யூனிட் கிடைக்கும்.

சேமிப்பு: அந்நிலையத்தின் மின்கலத் தொகுதி 1,400 யூனிட்டைத் தேக்கிவைக்கும். இரவுத் தேவை 1,000 கிலோவாட் என வைத்துக்கொண்டால், அது 1 மணி 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

செலவு: எத்தனை யூனிட் என்பதைப் போலவே, எந்நேரத்தில் என்பதும் முக்கியம். பனிக்கட்டி தயாரித்தல் போன்ற பணிகளைப் பகலுக்கு மாற்றினால் மின்கலத்தின் சுமை குறையும். மருத்துவமனையையும் குடிநீரையும் அவ்வாறு தள்ளிவைக்க இயலாது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கவரத்தியில் 2005 முதல் உள்ளது. அங்கே மின்சாரம் நின்றால் குடிநீருக்கும் இடர் நேரும்.

இடர்க்காலம்: தென்மேற்குப் பருவமழையில் வானம் நாள்கணக்கில் மூடியிருக்கும். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய நிதியுதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டம் இதற்கு நல்ல சான்று. அதில் சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட். காற்றாலை 530 கிலோவாட். காத்திருப்பு டீசல் இயந்திரங்களோ 2,500 கிலோவாட்! இரண்டின் கூட்டுத்தொகையைக் காட்டிலும் அது மிகுதி. அவ்வியந்திரங்கள் அன்றாடம் ஓடுவதற்கல்ல. வெயிலும் காற்றும் ஒருசேரக் கைவிடும் நாளுக்காக வைக்கப்படுபவை.

ஆகவே, "தீவு முழுவதும் இயங்குமா?" என்று கேட்பதைவிட, "எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் டீசலை நிறுத்தலாம்?" என்று கேட்பதே பயன் தரும். டீசலுக்கு அன்றாடம் செலவாகும். சூரிய மின்நிலையத்துக்கோ முதலிலேயே பெருந்தொகை வேண்டும். மின்கலமும் காலப்போக்கில் தேய்வதே. மிச்சமாகும் டீசல் பணத்தில் ஒரு பகுதியை அதை மாற்றுவதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கிவைக்கும் தீவே, இந்த முதலீட்டின் முழுப் பயனையும் அடையும்.