தாத்தாவின் ஊர் அந்த நாட்டில் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

நாடே இல்லாத ஓர் இனத்துக்கு ஒருவர் அரசியல் சட்டம் எழுதி வைத்தார். அதை எழுதி அச்சிட்ட இடம் மதராஸ். ஈரானின் புதிய ஜுல்ஃபாவில் பிறந்து, இங்கே வந்து வியாபாரத்தில் செழித்த ஷஹமீர் ஷஹமீரியன் என்ற ஆர்மீனிய வணிகர்தான் அவர். அச்சகமும் சொந்தச் செலவில் வைத்ததுதான். நூலின் முகப்பில் 1773 என்று இருக்கிறது. 1780களின் பிற்பகுதியில்தான் அச்சேறியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மொத்தம் 521 விதிகள். ஆர்மீனியர்களின் மண் அப்போது பாரசீகத்துக்கும் உதுமானியப் பேரரசுக்கும் பங்கு போயிருந்தது. அந்த மண்ணை மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை ஆள வேண்டும் என்று வங்கக் கடலோரம் உட்கார்ந்து அவர் எழுதினார்.

அதே அச்சகத்திலிருந்து 1772இல் மோவ்செஸ் பக்ராமியான் எழுதிய ஒரு நூல் வந்தது. அடிமைத்தனத்தை உதறி எழுங்கள் என்று ஆர்மீனிய இளைஞர்களை அழைத்த நூல். தாய்மண்ணில், எச்மியாட்சின் திருமடத்தில் இருந்த தலைமைக் குரு சிமியோனுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் பிரதிகளைக் கொளுத்தச் சொன்னார். அவரைக் கோழை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே. அவர் இருந்தது பாரசீக ஆளுநரின் கைக்கு எட்டிய தூரத்தில். மதராசில் ஒருவர் கலகம் என்று அச்சடித்தால், தலை போவது யெரெவான் பக்கத்து விவசாயிக்கு.

இருநூற்றைம்பது ஆண்டுகளாக இந்தச் சண்டை ஓயவில்லை. பெயர்களும் ஊர்களும்தான் மாறியிருக்கின்றன. ஆர்மீனியர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கும் நீ, இன அழிப்பு, போர், எல்லைத் தகராறு என்று நிறைய வாசிப்பாய். வெளியே வாழும் ஆர்மீனியருக்கும் உள்ளே வாழும் ஆர்மீனியருக்கும் இடையிலான உறவைப் புரிந்துகொள்ளாமல் அவற்றில் பாதி உனக்கு விளங்காது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள். புலம்பெயர்ந்தவர் என்றால் ஒரு நாட்டைவிட்டுப் போனவர் என்றுதான் நாம் நினைப்போம். ஆர்மீனியர்களில் பெரும்பகுதியினருக்கு இது பொருந்தாது. பெய்ரூட், அலெப்போ, மார்செய், பாஸ்டன், புவெனஸ் ஐரிஸ் என்று பரவியிருக்கும் பழைய சமூகங்களில் பெரும்பாலோர் 1915இல் தொடங்கிய இன அழிப்பில் உயிர் தப்பியவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய தாத்தா பாட்டியின் ஊர்கள் வான், கார்பெர்ட், செபாஸ்தியா, மராஷ், சைத்தூன். எல்லாமே இன்று துருக்கியில் இருக்கின்றன. இன்றைய ஆர்மீனியக் குடியரசோ முன்பு ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த கிழக்குப் பகுதியின் ஒரு துண்டு. லெபனானில் பிறந்த பெண் யெரெவானுக்கு விமானம் ஏறினால், அவளுடைய முன்னோர் யாரும் கால் வைக்காத ஒரு நகரத்துக்குப் போகிறாள். அதைத் தாய்நாடு என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் அரராத் மலை தெரியும். மலை எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியில்.

குடியரசின் மக்கள்தொகை 30 லட்சத்தை ஒட்டியது. வெளியே இருப்பவர்கள் அதைவிட அதிகம். எத்தனை மடங்கு என்பது யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

இந்த இரண்டு தரப்பும் மிகப் பெரிய அளவில் நேருக்கு நேர் சந்தித்தது 1946க்கும் 1949க்கும் இடையில். தாய்நாடு அழைக்கிறது, வாருங்கள் என்று சோவியத் அரசு அறிவித்தது. சிரியா, லெபனான், கிரீஸ், ஈரான், எகிப்து, பிரான்ஸ் நாடுகளிலிருந்து ஏறத்தாழ 90,000 பேர் மூட்டை கட்டினார்கள். 1947இல் 'ரஸ்ஸியா' என்ற கப்பல் மார்செய்யிலிருந்தும் பிறகு நியூயார்க்கிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கருங்கடல் துறைமுகமான பட்டூமிக்கு வந்தது. வீட்டுச் சாமான், தையல் மெஷின், நல்ல கோட்டு எல்லாம் கூடவே வந்தன.

வந்து இறங்கிய நாடு போரில் நொறுங்கிக் கிடந்தது. ரொட்டிக்கு ரேஷன். வீடு கட்டிக்கொள்ள நிலம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சிமென்டும் மரமும் கிடைக்கவில்லை. கொண்டுவந்ததை ஒவ்வொன்றாகச் சந்தையில் விற்றுச் சாப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். போரில் மகனைப் பறிகொடுத்து, வரிசையில் நின்று அரை ரொட்டி வாங்கும் ஒரு தாய்க்கு, புரியாத உச்சரிப்பில் பேசிக்கொண்டு வெளிநாட்டுச் சட்டையோடு வந்து நிற்கும் இவர்கள் யார்? 'அக்பார்' என்று ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள். சகோதரன் என்பதன் பேச்சு வழக்கு அது. அன்பாகச் சொல்ல வேண்டியது வசையாகிவிட்டது.

1949 ஜூன் மாதம் ஓர் இரவு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியாவின் அல்தாய் பகுதிக்கு அனுப்பினார்கள். தாய்நாட்டை நம்பி வந்த பல குடும்பங்களும் அந்த ரயிலில் இருந்தன. 1956இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் கிறிஸ்டியன் பினோ யெரெவானுக்கு வந்தபோது, பிரான்சிலிருந்து வந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு எங்களைத் திரும்ப அழைத்துப் போங்கள் என்று மன்றாடினார்கள். பின்னாளில் எல்லை சற்றுத் திறந்தபோது பெரும் எண்ணிக்கையில் வெளியேறவும் செய்தார்கள்.

ஆனால் போகாமல் தங்கியவர்கள் அந்த ஊரையே மாற்றினார்கள். யெரெவானில், இவர்களுக்கு முன்பே வந்தவர்களும் இவர்களுமாகக் குடியேறிய நோர் அரப்கிர், நோர் மலாத்தியா, நோர் செபாஸ்தியா, நோர் சைத்தூன் என்று பேட்டைகள் இருக்கின்றன. எல்லாம் உதுமானியப் பேரரசில் பறிபோன ஊர்களின் பெயர்கள். முன்னால் 'புதிய' என்று சேர்த்துக்கொண்டார்கள். 1946இல் அலெப்போவிலிருந்து பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்த கைக்குழந்தை ஒன்று 1991இல் சுதந்திர ஆர்மீனியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஆனது. லெவோன் தெர்-பெட்ரோஸ்யான்தான் அவர்.

அதற்கு முன்பே பூமி குலுங்கியது. 1988 டிசம்பர் 7. ஸ்பிதாக், லெனினகான் (இன்றைய கும்ரி) நகரங்கள் தரைமட்டமாயின. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். ஐந்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். சோவியத் அரசு பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வெளியுலக உதவிக்குக் கதவைத் திறந்துவிட்டது. பாரிசில் பிறந்த பாடகர் ஷார்ல் அஸ்னவூர் பிரெஞ்சுக் கலைஞர்களைத் திரட்டி ஒரு பாடல் வெளியிட்டு நிதி சேர்த்தார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலும் தேவாலயத்திலும் மட்டுமே ஆர்மீனியராக இருந்த பலர், தங்களால் அந்த நாட்டுக்கு ஏதாவது செய்ய முடியும் என்று அப்போதுதான் உணர்ந்தார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகள் இன்னும் கொடியவை. ஆர்மீனியர் வாழ்ந்த கராபாக் மலைப்பகுதிக்காக அஜர்பைஜானோடு போர் நடந்தது. அஜர்பைஜான் பாதையை அடைத்தது. 1993இல் துருக்கியும் எல்லையை மூடியது. நாளுக்கு ஓரிரு மணி நேரம்தான் மின்சாரம். யெரெவான் மக்கள் பூங்கா மரங்களை வெட்டிக் குளிர் காய்ந்தார்கள். வெளியிலிருந்து வந்த பணமும் மாவும் எரிபொருளும் பலரைப் பிழைக்க வைத்தன. 1992இல் தொடங்கிய 'ஹயஸ்தான் அனைத்து ஆர்மீனிய நிதியம்' ஆண்டுதோறும் அமெரிக்க நன்றி நாளன்று தொலைக்காட்சியில் பல மணி நேரம் நிதி திரட்டி, ஆர்மீனியாவின் கோரிஸ் நகரிலிருந்து கராபாக்குக்கு மலைப்பாதையைப் போட்டுத் தந்தது. ஃப்ரெஸ்னோவில் பிறந்து லாஸ் வேகஸ் சூதாட்ட ஹோட்டல்களில் பெரும் பணம் சேர்த்த கிர்க் கெர்கோரியன் தன் மகள்கள் லிண்டா, டிரேசி பெயர்களைச் சேர்த்து 'லின்சி' அறக்கட்டளை வைத்தார். சாலைகள், சுரங்கப்பாதைகள், பூகம்பப் பகுதியில் வீடுகள் என்று அது கட்டியது ஏராளம். தன் பெயரை எதற்கும் வைக்க அவர் விடவில்லை.

எல்லாரும் அப்படி இல்லை. ஆர்மீனியாவின் பள்ளிக்கூடச் சுவரிலும் சாலையோரத்திலும் கொடையாளர் பெயர் பொறித்த கல்லைப் பார்க்கலாம். கொடுத்தவரின் பெருமிதம் நியாயமானதுதான். ஆனால் கும்ரியில், பூகம்பத்துக்குப் பிறகு தற்காலிகமாகக் கொடுத்த 'தோமிக்' என்ற தகரக் கூடுகளிலேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான குடும்பங்கள் உண்டு. குளிர்காலத்தில் தகரத்தின் உட்புறம் ஈரம் கோக்கும் அறையில் இருப்பவருக்கு அந்தக் கல்லைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று யோசி.

அரசியலுக்கு வருவோம். சுதந்திர ஆர்மீனியாவின் முதல் வெளியுறவு அமைச்சர் ரஃபி ஹொவன்னிசியன் கலிஃபோர்னியாவில் பிறந்த வழக்கறிஞர். 1992இல் இஸ்தான்புல் கூட்டம் ஒன்றில் துருக்கியைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். குடியரசுத் தலைவருக்கு அது உவப்பாக இல்லை. விரைவிலேயே ஹொவன்னிசியன் பதவி விலகினார். ஒருவர் பேசியது தாத்தாக்களின் இரத்தத்துக்காக. மற்றவர் நினைத்தது அந்தக் குளிர்காலத்துக்கு வேண்டிய கோதுமையை. இரண்டில் எதையும் சிறியது என்று சொல்லிவிட முடியாது.

2009இல் அதே முடிச்சு இன்னும் பெரிதாக விழுந்தது. துருக்கியோடு உறவு தொடங்க, எல்லையைத் திறக்க ஓர் ஒப்பந்தம் தயாரானது. அதில் வரலாற்றை ஆராய ஒரு குழு அமைக்கும் விதியும் இருந்தது. நடந்தது இன அழிப்பா இல்லையா என்று பேச்சுவார்த்தை மேசையில் ஆராய்வதா என்று வெளியே வாழ்ந்தவர்கள் கொதித்தார்கள். குடியரசுத் தலைவர் செர்ஜ் சர்க்ஸ்யான் சமாதானம் சொல்லப் பாரிஸ், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், பெய்ரூட் என்று போனார். பாரிசில் இசைமேதை கொமித்தாஸின் சிலைக்கு அருகே எதிர்ப்பாளர்களுக்கும் போலீசுக்கும் தள்ளுமுள்ளு. ஒப்பந்தம் சூரிக்கில் அக்டோபர் 10இல் கையெழுத்தானது. நடைமுறைக்கு வரவே இல்லை.

இத்தனை குரல் கொடுப்பவர்களுக்கு அந்த நாட்டில் என்ன உரிமை? 1995 அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரவில்லை. 2005 திருத்தமும் 2007 சட்டமும் அந்தத் தடையை நீக்கின. ஆனாலும் தேர்தலில் பொதுமக்கள் தூதரகத்தில் வாக்களிக்க முடியாது. உள்ளே வந்துதான் போட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினராக வேண்டுமென்றால் முந்தைய நான்கு ஆண்டுகள் ஆர்மீனியக் குடியுரிமை மட்டுமே வைத்திருக்க வேண்டும், அங்கேயே வசித்திருக்கவும் வேண்டும். கேட்கக் கறாராக இருக்கிறது. ஆனால் போர் வந்தால் பதினெட்டு வயது மகனை எல்லைக்கு அனுப்புபவர் இந்த விதியை வேறு கண்ணால் பார்ப்பார், அது நியாயம்தான். அதே சமயம், பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கும் பழக்கமும் யெரெவானில் உண்டு. 2020இல் கராபாக்கில் மீண்டும் போர் மூண்டபோது ஹயஸ்தான் நிதியத்துக்குச் சுமார் 17 கோடி டாலர் குவிந்தது. அதில் பாதிக்கு மேல் அரசுக் கருவூலத்துக்குப் போனபோது உலகெங்கும் கொடுத்தவர்கள் ஆத்திரப்பட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறு எதுவும் இல்லை.

மொழியிலும் ஒரு பிளவு இருக்கிறது. குடியரசில் பேசுவது கிழக்கு ஆர்மீனியம். பழைய புலம்பெயர் சமூகங்களில் மேற்கு ஆர்மீனியம். ஒரே எழுத்தில் எழுதிய பெயரை யெரெவானில் கிரிகோர் (Grigor) என்றும் பெய்ரூட்டில் க்ரிக்கோர் (Krikor) என்றும் படிப்பார்கள். 1922இல் சோவியத் ஆர்மீனியா எழுத்துமுறையை மாற்றியது. வெளியே இருந்தவர்கள் ஏற்கவில்லை. மேற்கு ஆர்மீனியம் அழியும் ஆபத்தில் உள்ளதாக 2010இல் யுனெஸ்கோ அறிவித்தது. அதை ஆட்சிமொழியாகக் காக்க எந்த அரசும் இல்லை. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் அனுப்பும் லட்சக்கணக்கான ஆர்மீனியர்களுக்கோ இந்தப் பிளவே கிடையாது. அவர்கள் குடியரசிலிருந்தே போனவர்கள். கிராமத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு அந்தப் பணத்தில்தான் எரிகிறது. பெரிய மேடைகளில் அவர்களை யாரும் அழைத்துப் பேச வைப்பதில்லை.

இந்த உறவு நன்றாகப் பழுத்த இடங்களும் இருக்கின்றன. 2012 முதல் சிரியப் போரிலிருந்து தப்பி ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் யெரெவானுக்கு வந்தார்கள். நகைப்பட்டறை, தையலகம், உணவகம் என்று திறந்தார்கள். அலெப்போ மசாலா நகரத்தின் அன்றாடச் சாப்பாட்டில் இடம் பிடித்தது. இந்த முறை கேலிப் பெயர் நிலைக்கவில்லை. வந்தவர்கள் அறிவுரை சொல்லவில்லை, அடுத்த கடையில் வேலை செய்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

உன் வயதுக்காரர்களுக்கான 'தூமோ' மையம் இன்னொன்று. பெய்ரூட்டில் வளர்ந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய சாம் சிமோனியன் தன் மனைவி சில்வாவோடு 2011இல் யெரெவானில் தொடங்கியது. 12 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் பள்ளி விட்டதும் வந்து அனிமேஷன், நிரல், இசை, ரோபோ எதை வேண்டுமானாலும் இலவசமாகக் கற்கலாம். பிறகு பாரிசும் பெர்லினும் அதே முறையில் தங்கள் ஊரில் மையம் திறந்துகொண்டன. தாய்நாட்டுக்கு என்று கட்டியதை மற்ற நாடுகள் தேடி வந்து வாங்கிப் போன அரிய சம்பவம் இது.

2023 செப்டம்பரில் கராபாக் முழுவதும் அஜர்பைஜான் வசமானது. சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள், காரின் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஆர்மீனியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். முப்பது ஆண்டுகளாகப் பணம் அனுப்பி, சாலையும் பள்ளியும் கட்டியவர்களுக்கு அது தாங்க முடியாத அடி. அதன் பிறகு பிரதமர் நிக்கோல் பஷின்யான் 'மெய்யான ஆர்மீனியா' என்று பேசத் தொடங்கினார். நம் நாடு இந்த எல்லைக்குள் இருக்கும் 29,743 சதுர கிலோமீட்டர்தான், பழைய வரைபடத்தை விட்டுவிடுவோம் என்பது அதன் சாரம். 2025இல், நாட்டுக்குள் நுழைபவர்களின் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையிலிருந்து அரராத் மலையின் படத்தை நீக்க அரசு முடிவெடுத்தது. சியூனிக், தவூஷ் மாகாணங்களில் எல்லையை ஒட்டிய கிராமங்களில், பீரங்கிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகளோடு நிலவறையில் ஒளிந்தவர்கள் அமைதி வேண்டும் என்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். பூர்வீக வீட்டின் சாவியும் ஒரு புகைப்படமும் தவிர வேறு எதுவும் மிஞ்சாத குடும்பத்தில் பிறந்த மார்செய்க்காரருக்கோ, அந்த முத்திரை தன்னையே அந்த நாட்டிலிருந்து அழித்துவிட்டது போல் இருக்கிறது. அவரிடம் போய் முத்திரைதானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவரிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். அப்படி உட்கார்ந்து கேட்பதற்கு என்று, இரு தரப்பும் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஓர் அவை இன்றுவரை அவர்களுக்கு இல்லை.

அன்புடன்,
உன் அக்கா