மூன்று சக்கர மோட்டார் வண்டியில் சக்கர நாற்காலியைக் கொண்டு செல்லும் முறை

கிராம முன்னேற்றம் என்றால் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், மின்விளக்கு ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் இன்றியமையாதவையே. ஆயினும் சாலை போட்டுவிட்டோம் என்று நாம் மனநிறைவு கொள்ளும்போது, அச்சாலையில் நடக்க இயலாதவர் ஒருவர் நம் ஊரில் இருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 11 இலட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். இளம்பிள்ளை வாதத்தால் கால் இழந்தவர்களும், மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர்களும், சாலை விபத்துக்கு உள்ளானவர்களும் நம் கிராமங்களில் உள்ளனர். 2014-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் இந்தியா இளம்பிள்ளை வாதம் அற்ற நாடு என்று சான்றளிக்கப்பட்டது. இனி அந்நோயால் புதிதாக எவரும் முடமாக வேண்டியதில்லை. ஆனால் முன்னமே பாதிக்கப்பட்டவர்கள் இன்று உழைக்கும் வயதில் நம்மிடையே வாழ்கின்றனர்.

ஆர்.கே.பேட்டை என்று நாம் சுருக்கி அழைக்கும் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை வட்டாரம் நெசவுக்கும் வேளாண்மைக்கும் பேர் பெற்றது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களில் தறியோசை கேட்காத தெருக்கள் குறைவு. நூல் சுற்றுதல், கணக்கெழுதுதல், தையல், கடை நடத்துதல் போன்ற பல தொழில்கள் கைகளைக் கொண்டே செய்யத்தக்கவை. கால் வலுவிழந்த ஒருவர் இத்தொழில்களில் பிறருக்குக் குறைந்தவர் அல்லர். அவருக்குத் தடையாக இருப்பது வீட்டுக்கும் தொழிற்களத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஒன்றே.

குறை எங்கே உள்ளது?

இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நல்ல நிலையில் உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை வழங்கி வருகிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் சிறு சக்கரங்கள் பொருத்தப்பட்ட இவ்வண்டியை மக்கள் 'மூன்று சக்கர வண்டி' என்றே அழைக்கின்றனர். இவ்வண்டி வந்தபின் பலர் திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் பிறர் துணையின்றிச் சென்று வருகின்றனர். இது பெரிய நன்மை.

ஆனால் வண்டி சேருமிடம் சேர்ந்தபின் என்ன செய்வது? ஊன்றுகோலால் நடப்பவர் கோல்களை வண்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டு சென்று, இறங்கி நடந்துவிடுவார். சக்கர நாற்காலி இன்றி நகர இயலாதவர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியவராகிறார். கிராமசபைக் கூட்டம் ஒன்றில் நாம் கண்ட காட்சி இதற்குச் சான்றாகும். சகோதரி ஒருவர் தாமே வண்டி ஓட்டி வந்து, பந்தலுக்கு வெளியே வெயிலில் வண்டிமீதே அமர்ந்து கூட்டம் முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்பினார். அவருடைய நாற்காலி வீட்டில் இருந்தது. அவர் பேச வந்த செய்தி பேசப்படாமலே போயிற்று. ஆகவே வண்டி கொடுப்பதோடு பணி முடிவதில்லை. நாற்காலியும் உடன் செல்ல வழி காண வேண்டும்.

மடங்கும் நாற்காலி

இன்று நாம் காணும் மடக்கு நாற்காலியின் வரலாறே இத்தேவையிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவில் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த எவரெஸ்ட் என்ற பொறியாளரும், அவருடைய நண்பர் ஜென்னிங்ஸ் என்பவரும் 1930-களில் குறுக்குச் சட்டமிட்டு மடங்கும் இரும்புக் குழாய் நாற்காலியை உருவாக்கினர். மோட்டார் காரில் உடன் எடுத்துச் செல்லத்தக்க நாற்காலி வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம்.

சாதாரண இரும்பு மடக்கு நாற்காலியின் எடை 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். இருக்கைத் துணியின் நடுவைப் பிடித்து மேலே இழுத்தால் அது சுமார் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு மடங்கிவிடும். அலுமினிய நாற்காலிகள் இதனினும் எடை குறைந்தவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒய்.டி. ஒன்' என்னும் நாற்காலியின் எடை 9 கிலோவே. எடை குறையுந்தோறும் ஏற்றி இறக்கும் வேலை எளிதாகும் என்பதால், நாற்காலி பெறும்போதே இதனைக் கருத வேண்டும்.

நான்கு வழிகள்

முதல் வழி, வண்டியின் பின்புறத்தில் இரும்புத் தாங்கி அமைத்து, மடக்கிய நாற்காலியைக் கட்டிச் செல்வது. செலவு குறைந்தது, உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் ஏற்றி இறக்க வேறொருவர் உதவி பெரும்பாலும் தேவைப்படும்.

இரண்டாம் வழி, இடப்பக்க இணைப்புச் சக்கரத்தின் மேல் தாழ்வான தட்டு ஒன்று அமைப்பது. வண்டியில் அமர்ந்தபடியே நாற்காலியை மடக்கி, கைக்கெட்டும் உயரத்தில் உள்ள தட்டின்மேல் இழுத்து நிறுத்தலாம். பிறர் உதவியின்றிச் செல்ல விரும்புவோருக்கு இது ஏற்றது.

மூன்றாம் வழி, நாற்காலியையே வண்டியாக்குவது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய 'நியோமோஷன்' நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் 'நியோபோல்ட்' என்னும் மின்கலக் கருவியை வெளியிட்டது. முன்சக்கரமும் கைப்பிடியும் கொண்ட இக்கருவியை நாற்காலியின் முன்புறத்தில் பூட்டினால், அது மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும் மூன்று சக்கர வண்டியாகிறது. சேருமிடத்தில் கருவியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உள்ளே செல்லலாம். ஏற்றி இறக்கும் வேலையே இல்லை. விலை மிகுதியாயினும், உதவி செய்ய ஆள் இல்லாதவருக்கு இது நல்ல துணை.

நான்காம் வழி, நாற்காலியைக் கொண்டு செல்லாமலே இருப்பது! ஊராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து நிலையம் போன்ற இடங்களில் ஒவ்வொரு நாற்காலி எப்போதும் இருக்குமானால், வண்டியில் வருபவர் அதில் மாறிக்கொள்ளலாம். ஊராட்சி மன்றத்தினர் கவனிக்கத்தக்க வழி இதுவேயாகும். ஆனால் நாற்காலி பூட்டிய அறைக்குள் இருந்து, சாவி வேறு ஊரில் இருக்குமானால் பயன் இல்லை.

மின்கலத்தால் இயங்கும் கனமான நாற்காலிகளை மேற்கூறிய தாங்கிகளில் ஏற்றலாகாது. அவற்றைச் சரக்கு ஆட்டோவில் பலகைச் சாய்வு அமைத்தே ஏற்ற வேண்டும். அவ்வாறு ஏற்றும்போதும், வண்டி ஓடும்போதும் நாற்காலியில் ஆள் அமர்ந்திருக்கக் கூடாது.

பளுவின் கணக்கு

தாங்கி அமைக்கும்போது பட்டறைக்காரரும் உரிமையாளரும் ஒரு சிறு கணக்கை அறிந்திருத்தல் நலம். மாட்டு வண்டியில் பாரம் பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும் என்பதை உழவர்கள் அறிவார்கள். ஸ்கூட்டரிலும் அதே நியதிதான். பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் பாரம் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்.

எடுத்துக்காட்டாக, முன் பின் அச்சுகளுக்கு இடையே 125 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்வோம். 18 கிலோ எடையுள்ள நாற்காலியின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 50 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், 18-ஐ 50-ஆல் பெருக்கி 125-ஆல் வகுக்க 7.2 வரும். அதாவது முன்சக்கரத்தின்மீது உள்ள பளு 7.2 கிலோ குறைந்துவிடும். தூரத்தை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் இழப்பு 3.6 கிலோவே. முன்சக்கரம் இலேசாகிவிட்டால் கைப்பிடி திருப்பியபடி வண்டி திரும்பாது. முன் பிரேக்கும் சரிவரப் பிடிக்காது. மேட்டில் ஏறும்போது இக்குறை இன்னும் மிகும். ஆகவே நாற்காலி இருக்கையை ஒட்டியும், இயன்ற அளவு தாழ்வாகவும் இருக்க வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இரு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். இணைப்புச் சக்கர வண்டி அவ்வாறு சாயாது. ஆகவே வளைவில் அது வெளிப்புறமாகக் கவிழ முற்படும். பாரம் உயரே இருந்தால் இந்த அபாயம் கூடும். வேகம் இரு மடங்கானால் கவிழ்க்கும் விசை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் அவ்விசை நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. வளைவுக்குள் புகுந்தபின் பிரேக் பிடிப்பதைவிட, புகுமுன்பே வேகத்தைக் குறைப்பதே முறை.

கட்டும் முறை

1. நாற்காலியின் கால்தாங்கிகளைக் கழற்றித் தனியே பையில் வைக்கவும். இதனால் நீளம் குறையும். வண்டியின் அகலத்துக்கு வெளியே எதுவும் நீட்டாது.

2. மடக்கிய நாற்காலியின் சட்டத்தைத் தாங்கியோடு சேர்த்துக் கட்டவும். சக்கரத்தின் கம்பிகளில் கட்டினால் கம்பி வளைந்துவிடும்.

3. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, தனித்தனியே இறுகும் இரண்டு பட்டைகள் வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும்.

4. பழைய சைக்கிள் டியூபை மட்டும் நம்பிக் கட்டக்கூடாது. அது இழுபட்டு நாற்காலியை ஆடவிடும். ஆட்டம் கண்ட பாரம் பள்ளத்தில் விழும்போது வண்டியையே திருப்பிவிடும்.

5. ஒரு கிலோமீட்டர் சென்றபின் நிறுத்தி, கட்டைச் சரிபார்க்கவும். முதல் குலுக்கலில்தான் கட்டு தளரும்.

6. பின்விளக்கும், திரும்பும் விளக்குகளும், எண் பலகையும் மறையக் கூடாது. மறையுமானால் தாங்கியின்மீது வேறு விளக்கும் பலகையும் பொருத்தவும்.

7. சேலைத் தலைப்பு, துண்டு, தொங்கும் பட்டை ஆகியவை சக்கரத்தில் சிக்காதவாறு செருகிக்கொள்ளவும்.

உடலைக் காத்தல்

கால்கள் இயங்காதவருக்குத் தோள்களே கால்கள். 18 கிலோ நாற்காலியை நாள்தோறும் பின்புறமாகத் திரும்பித் தூக்குவது தோள்பட்டை மூட்டைக் கெடுத்துவிடும். ஆகவே பின்தாங்கி வைத்திருப்போர் துணையைப் பெறத் தயங்கலாகாது.

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சூடும் அழுத்தமும் உடலில் தெரியாது. வெயிலில் காய்ந்த இருக்கையும், புகைபோக்கிக் குழாயும் அவர்கள் அறியாமலே தோலைச் சுட்டுவிடும். நாற்காலியின் மெத்தையைக் கட்டிவைக்காமல் வண்டி இருக்கையில் விரித்து அமர்வது நலம். நீண்ட பயணத்தில் இடையிடையே வண்டியை நிறுத்தி, கைகளை ஊன்றி உடலைச் சிறிது உயர்த்திக்கொள்ள வேண்டும். படுக்கைப்புண் ஒன்று வந்துவிட்டால் மாதக்கணக்கில் தொழில் கெடும். இத்தகையோருக்கான பயிற்சியை நமக்கு அண்மையில் உள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் அளித்து வருகிறது. 1954-ஆம் ஆண்டில் விபத்தில் சிக்கித் தாமே சக்கர நாற்காலியை மேற்கொண்ட டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ஆம் ஆண்டில் அது தொடங்கப்பட்டது.

சட்டம் கூறுவது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் குறைந்த செலவில் நடமாடுவதற்கான திட்டங்களையும், வாகனங்களை அவர்களுக்கேற்ப மாற்றியமைப்பதற்கான திட்டங்களையும் அரசு வகுக்க வேண்டும் என்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒருவர் தம் வாகனத்தை மாற்றுத்திறனாளியின் பயனுக்கேற்ப மாற்றிக்கொண்டு, பின்னர் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம். தாங்கியும் தட்டும் அமைக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்வது வீண் செலவைத் தவிர்க்கும். ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் தலைக்கவசமும் மற்றவர்களுக்குப் போலவே இவர்களுக்கும் கட்டாயம். ஸ்கூட்டர் வேண்டுவோர் திருவள்ளூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

வண்டியும் நாற்காலியும் வாசல் வரை வந்தபின் மூன்று படிக்கட்டுகள் எதிரே நின்றால் பட்ட பாடெல்லாம் வீணே. சாய்தளத்தின் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு, அதாவது 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு, 5 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். பெயருக்கு இரண்டு மீட்டரில் செங்குத்தாக அமைத்த சாய்தளம் ஏறுவதற்கன்று, உருண்டு விழுவதற்கே பயன்படும். வாசற்கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். சாய்தளத்தை ஒட்டி மூன்று சக்கர வண்டி நிறுத்த, நிழலுள்ள சமதரை ஒன்று ஒதுக்கப்படட்டும். நிறுத்திய வண்டியின் பக்கத்தில் நாற்காலியை விரிக்க ஒன்றரை மீட்டர் இடம் விடுவது நலம்.

வயல் வழிகளிலும் தெருக்களிலும் குறுக்கே வெட்டிய பள்ளங்களை உடனுக்குடன் மூடுவது உழவர்களும் செய்யத்தக்க உதவி. குழாய் பதிக்கவும் நீர் பாய்ச்சவும் வெட்டும் பள்ளத்தை நடப்பவர் தாண்டிவிடுவார். இணைப்புச் சக்கரமோ அதில் சிக்கிக்கொள்ளும்.

அண்டையில் சோளிங்கர் மலைக்கு 2024-ஆம் ஆண்டில் கம்பிவட ஊர்தி வந்தது. அதுவரை 1,305 படிகளை எண்ணி அடிவாரத்திலேயே கைகூப்பி நின்ற பலர் இன்று மேலே செல்கின்றனர். மலைக்கே வழி அமைத்த நாம், ஊராட்சி அலுவலகத்தின் மூன்று படிகளுக்கு வழி அமைக்க முடியாது என்று கூற இயலுமா?

2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், கிராம ஊராட்சியில் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராக அமர வழிவகுத்துள்ளது. மன்றத்தில் இடம் அளித்தது சட்டம். அந்த இடம் வரை அவர் வந்து சேர வழி அமைப்பது நம் கடமை. ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் யார் யார், அவர்களிடம் வண்டி உண்டா, நாற்காலி உடன் செல்கிறதா என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். பட்டியல் சிறியதாகவே இருக்கும், செலவும் சிறிதே. அடுத்த கிராமசபை கூடும் நாளில் பந்தலுக்கு வெளியே வண்டிமீது எவரும் தனித்து அமர்ந்திராதவாறு பார்த்துக்கொள்வோமாக.