சித்தி கேட்ட கேள்வியும் துவாலாங் தேனும்

கடந்த ஆண்டு என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டாவது கீமோதெரபிக்குப் பிறகு முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகிப் படுத்திருந்தார். பார்க்க வந்த உறவினர் ஒரு போத்தல் துவாலாங் தேனைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"யுஎஸ்எம்லேயே ஆராய்ச்சி செஞ்சிருக்காங்களாம். இதையே குடிச்சா போதாதா? நீ இதைத்தானே படிக்கிற, சொல்லும்மா" என்றார் சித்தி.

உயிர்மருத்துவ மாணவியான எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆராய்ச்சி உண்மைதான். துவாலாங், 80 மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய மரம். அதில் கூடு கட்டும் மலைத்தேனீக்களின் தேனை ஆராய்ந்து, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் முடிவை வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மார்பக, கருப்பைவாய்ப் புற்றணுக்கள் தேன் கலந்த கரைசலில் மடிந்தன. இயல்பான மார்பக உயிரணுக்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை.

எனக்கும் முதலில் மகிழ்ச்சிதான். பிறகுதான் அளவைக் கவனித்தேன். கரைசலில் தேன் சுமார் 2.5 விழுக்காடு. நம் உடலில் ஓடுவது ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். அதே செறிவு வேண்டுமென்றால் 125 மில்லிலிட்டர் தேன் செரிக்காமல், அப்படியே இரத்தத்தில் கலந்திருக்க வேண்டும்! நலமாக இருப்பவரின் இரத்தம் முழுவதிலும் உள்ள குளுக்கோசே சுமார் 5 கிராம்தான்.

தேனைவிட என்னைக் கவர்ந்தது தேனீயின் நஞ்சு. அதில் உள்ள மெலிட்டின், 26 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். புற்றணுவின் சவ்வையே துளைத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், டோசிடாக்செல் மருந்தோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி மேலும் குறைந்தது. ஆனால் மெலிட்டின் சிவப்பணுக்களையும் உடைக்கும். அதைப் புற்றணுவிடம் மட்டும் கொண்டு சேர்ப்பதுதான் சிக்கல்.

டோசிடாக்செல் என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்திக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்தும் அதுவே. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு உருவாக்கப்பட்டது.

"உங்க மருந்தும் இலையிலேர்ந்து வந்ததுதான் சித்தி. ஆனா எவ்வளவு குடுக்கணும்னு மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பார்த்திருக்காங்க. தேன் அவ்வளவு தூரம் இன்னும் வரலை."

மருத்துவரையும் கேட்டோம். வெள்ளையணுக்கள் குறைந்திருப்பதால் சிகிச்சை முடியும்வரை காய்ச்சாத தேன் வேண்டாம் என்றார். போத்தல் அலமாரிக்குப் போனது. சித்தி மூன்றாவது கீமோவுக்குப் போனார்.