சறுக்கலும் வீழ்ச்சியும்

புகைப்பழக்கத்தை விட்டு இருபது நாள்கள் ஆனவர், மாட்டுங்கா நிலையத்துக்கு வெளியே ஒரு மாலை தேநீரோடு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிடுகிறார். "இனி என்ன இருக்கிறது" என்று மறுநாள் ஒரு பாக்கெட்டே வாங்குகிறார். ஒரு சிகரெட்டைவிட இந்த எண்ணமே ஆபத்தானது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1985-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். தொடர் வைப்பில் ஒரு மாதத் தவணை தவறியதற்காக நாம் கணக்கையே மூடிவிடுவதில்லை அல்லவா?

சறுக்கிய பின் நாம் ஆராய வேண்டியவை இடமும் வேளையும் உடனிருந்தவரும். தாராவியில் பட்டறை வேலை முடிந்து பீடிக்கடையருகே நிற்பவருக்கும், செம்பூரில் இரவுப்பணி முடிந்து திரும்புபவருக்கும் விடை வெவ்வேறு. தேநீர்தான் தூண்டுகிறதென்றால் சில வாரங்களுக்குக் கடையை மாற்றலாம். வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். அதுவரை சற்று நடந்தால் போதும். மகாராஷ்டிர அரசு உதிரியாகச் சிகரெட், பீடி விற்பதை 2020-இல் தடைசெய்தது வெறும் சில்லறை விவகாரமன்று. சறுக்குபவர் கேட்பது எப்போதும் "ஒன்றே ஒன்று"தானே!

நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டுள்ள 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை உண்டு. விட்டுவிட்டுச் சறுக்கியவரும் அழைக்கலாம்.